மூன்றாம் இடமும் முந்நூற்றுச் சொச்சம் கூலியும்

2025 மே மாதக் கடைசியில் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அதிகாரி பி.வி.ஆர். சுப்பிரமணியம், ஜப்பானை முந்தி இந்தியா உலகின் நான்காவது பெரிய பொருளாதாரமாகிவிட்டது என்று அறிவித்தார். ஆண்டு முடியட்டும், கணக்கை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று சிலர் மறுத்தார்கள். இந்தச் சச்சரவில் ஒரு வேடிக்கை உண்டு. வேறொரு கணக்கின்படி இந்தியா ஜப்பானை முந்தியது பழைய செய்தி. 2014-இல் உலக வங்கி வெளியிட்ட வாங்கும் சக்திக் கணக்கிலேயே அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்த மூன்றாம் இடத்துக்கு நாம் வந்துவிட்டோம். மேடைக்கு ஏற்ற எண்ணை எடுத்துக்கொள்ள ஆளுங்கட்சிக்காரர்களுக்கு இரண்டு கணக்குகளும் உதவுகின்றன. திட்டுவதற்கு ஏற்ற எண்ணை எடுத்துக்கொள்ள எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் உதவுகின்றன. பன்னாட்டு நிதியத்தின் மதிப்பீட்டில் 2024-இல் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, சந்தை மாற்று விகிதப்படி சுமார் 3.9 லட்சம் கோடி டாலர். வாங்கும் சக்திப்படி சுமார் 16 லட்சம் கோடி டாலர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, அதே வயல்கள், அதே ஆலைகள். இடையில் நிற்கும் 12 லட்சம் கோடி டாலர் எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் பதில் பெருமைப்படத்தக்கதாக இல்லை. அதன் பெரும்பகுதி, இந்த நாட்டில் மனித உழைப்பு மலிவாகக் கிடைப்பதிலிருந்து வருகிறது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. முதல் உலகப் போருக்குப் பின் நாணயங்களுக்கும் தங்கத்துக்கும் இருந்த கட்டு அறுந்துகிடந்தபோது, எந்த நாட்டு நாணயத்துக்கு என்ன மதிப்பு வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. இரு நாடுகளின் விலைவாசியை ஒப்பிட்டு அதைத் தீர்மானிக்கலாம் என்றார் சுவீடன் நாட்டுப் பொருளியலர் குஸ்டாவ் காசல். வாங்கும் சக்திச் சமநிலை என்ற பெயரை 1918-இல் வைத்தவரும் அவர்தான். அவருடைய கவலை நாணயத்தைப் பற்றியது. எந்த நாட்டு மக்கள் வசதியாக வாழ்கிறார்கள் என்பதைப் பற்றியது அன்று. வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட அந்தக் கருவியை எடுத்துக்கொண்டவர்கள் பின்னால் வந்தவர்கள். 1968-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இர்விங் கிராவிசும் அவருடைய குழுவினரும் ஐக்கிய நாடுகள் சபையோடு சேர்ந்து பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1970-க்கான முதல் ஒப்பீட்டில் இருந்த 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2021-க்கான சுற்றில் 176 நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் கலந்துகொண்டன. ஒரே தரமுள்ள பொருளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று திரட்டி, அந்த விலைகளிலிருந்து ஒரு விகிதத்தைக் கணக்கிடுகிறார்கள். 2017-இல் இந்தியாவுக்கு வந்த விகிதம் 20.65. அதாவது அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே 20 ரூபாய் 65 காசுக்கு வாங்கிவிடலாம். அந்த ஆண்டு வங்கியில் ஒரு டாலருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 65 ரூபாய் 12 காசு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3.15 வருகிறது. நம் பொருளாதாரத்தை மூன்று மடங்காக்கிக் காட்டுவது இந்த எண்தான். 2024-க்குள் அது நான்கைத் தாண்டிவிட்டது.

ஒரே தரமுள்ள பொருள் என்று எழுதிவிடுவது எளிது. விலை திரட்டப் போகிறவருக்குத்தான் தெரியும் அதன் பாடு. எந்த ரக அரிசி, எத்தனை சதவீதம் நொய், பொட்டலத்தில் அடைத்ததா மூட்டையிலிருந்து அளந்து கொடுப்பதா என்றெல்லாம் வரையறுத்த பிறகே ஒரு விலையை இன்னொரு விலையோடு வைக்க முடியும். லண்டனிலிருந்து வரும் எக்கனாமிஸ்ட் இதழ் 1986-இல் ஒரே ஒரு பர்கரின் விலையை வைத்து நாணயங்களை ஒப்பிடத் தொடங்கியது. விளையாட்டாகத் தொடங்கிய அந்தக் கணக்கிலும் இந்தியாவுக்கு வந்தபோது மாட்டிறைச்சிக்குப் பதில் கோழி வைத்த மகாராஜா மேக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொருள்களுக்கே இந்தப் பாடு என்றால் சேவைகளுக்குச் சொல்லவே வேண்டாம். அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியர் நடத்தும் பாடத்துக்கு என்ன விலை? சந்தையில் விற்காத அதற்கு விலை கிடையாது. ஆகவே ஆசிரியரின் சம்பளத்தையே விலையாகக் கொள்கிறார்கள். அமெரிக்க ஆசிரியரைவிட நம் ஆசிரியர் குறைந்த சம்பளம் வாங்கினால், இந்தியாவில் கல்வி மலிவு என்று கணக்கு சொல்லும். மலிவான விலையில் வகுத்துப் பார்க்கும்போது கல்வியின் அளவு பெருகித் தெரியும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் கூட்டிக் கழிக்கக் கற்றுக்கொண்டார்களா என்பதெல்லாம் அந்த அளவில் இடம்பெறுவது கடினம். உற்பத்தித் திறனை ஒட்டிச் சில வட்டாரங்களுக்குத் திருத்தம் செய்து பார்த்திருக்கிறார்கள், அதுவும் தோராயந்தான். ஒப்பந்தச் செவிலியருக்கும் தொகுப்பூதிய ஆசிரியருக்கும் கொடுப்பதைக் குறைத்தாலும் வாங்கும் சக்திக் கணக்கில் நாட்டின் அளவு சுருங்காது, சந்தைக் கணக்கோடு உள்ள இடைவெளிதான் விரியும் என்பது இந்த முறையின் விநோதம்.

அரசுச் சேவைகளோடு இது நிற்கவில்லை. மதுரையில் முடி திருத்துபவருக்கும் நியூயார்க்கில் முடி திருத்துபவருக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. கத்தரி அதே கத்தரி, ஒரு தலைக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ அதே நேரம். மதுரையில் 150 ரூபாயும் நியூயார்க்கில் 30 டாலரும் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு பதினேழு மடங்கு வருகிறது. காரணத்தை 1964-இல் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் தனித்தனியே விளக்கினார்கள். கப்பலேறி வெளிநாடு போகக்கூடிய பொருள்களைச் செய்யும் தொழில்களில் ஒரு நாட்டின் உற்பத்தித் திறன் உயர்ந்தால் அங்கே கூலி உயரும். அந்தக் கூலியோடு போட்டி போட்டு ஆள் பிடிக்க வேண்டியிருப்பதால் முடி திருத்தகத்திலும் உணவகத்திலும் கூலி உயரும். சேவைகளின் விலை ஏறும். ஏழை நாட்டில் முடி வெட்டு மலிவாக இருப்பதற்குக் காரணம், அந்தக் கடையில் வேலை செய்பவருக்குப் போவதற்கு வேறு நல்ல வேலை இல்லை என்பதே. அப்படியானால் ஒரு நாடு முன்னேறும்போது சந்தை விகிதத்துக்கும் வாங்கும் சக்தி விகிதத்துக்கும் உள்ள இடைவெளி சுருங்க வேண்டும். சீனாவில் சுருங்கியிருக்கிறது. 2017-இல் சீனாவின் வாங்கும் சக்தி விகிதம் ஒரு டாலருக்கு 4.18 யுவான், சந்தை விகிதம் 6.76 யுவான், இடைவெளி 1.6 மடங்கு. தென்கொரியாவுக்கு 1.3 மடங்கு. இந்தியாவுக்கோ 1970-இல், டாலர் ஏழரை ரூபாய் விற்ற காலத்திலேயே, இடைவெளி மூன்று மடங்குக்குச் சற்று மேல் இருந்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்தும் மூன்று மடங்குக்குச் சற்று மேலேயே நின்றது. பசுமைப் புரட்சியும் தாராளமயமும் மென்பொருள் ஏற்றுமதியும் வந்து போன பிறகும் அந்த எண் அசையவில்லை என்றால், பட்டியலில் நாம் பிடித்திருக்கும் இடத்தைவிட அதைப் பற்றித்தான் நாடாளுமன்றம் பேசியிருக்க வேண்டும்.

இடைவெளி விரிவதற்குக் கூலியை மட்டும் காரணம் சொல்ல முடியாது, நாணயம் சரிந்தாலும் விரியும், ஜப்பானைப் பாருங்கள் என்று ஒருவர் குறுக்கிடலாம். நியாயமான குறுக்கீடு. 2017-இல் ஒன்றை ஒட்டியிருந்த ஜப்பானின் இடைவெளி, யென் சரிந்ததில் 2024-இல் 1.6 மடங்கை எட்டியது. ஜப்பானியர் கூலி ஏழு ஆண்டுகளில் பாதியாகிவிடவில்லை. ஆனால் இந்த எடுத்துக்காட்டு வாதத்தை முறிப்பதைவிட அதற்கு வலுச் சேர்க்கிறது. 2024-இல் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டுப் பயணிகள் வந்தார்கள். அதுவரை அந்நாடு காணாத கூட்டம். நாடு மலிவாகிவிட்டது என்பதே அவர்கள் வந்ததற்கு முக்கியக் காரணம். ஜப்பானியர்கள் அதைக் கொண்டாடவில்லை. முப்பது ஆண்டுகளாகச் சம்பளம் உயராத நாடு, வெளிநாட்டார் வந்து மலிவு விலையில் சாப்பிட்டுவிட்டுப் போகும் இடமாகிவிட்டதே என்று அங்கே புத்தகங்கள் வருகின்றன, தேர்தல் மேடைகளில் பேச்சு வருகிறது. தங்கள் மலிவை வறுமையின் அறிகுறியாகப் படிக்கும் அரசியல் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. நமக்கு அதே மலிவு மூன்றாம் இடத்துக்கான சான்றிதழாகத் தெரிகிறது.

இந்த மலிவு யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். நாட்டு விகிதம் என்பது நாட்டின் சராசரிக் கூடைக்கானது. அந்தக் கூடையை அப்படியே சுமப்பவர் யாரும் இல்லை. சென்னையில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வாங்கும் பொறியாளர் அமெரிக்காவில் ஒரு லட்சம் டாலர் வாங்குபவருக்குச் சமம் என்று ஒரு கணக்கு வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றுகிறது. அவருடைய வீட்டில் சமைக்க ஓர் அம்மா, காரை ஓட்ட ஒருவர், வாசலில் காவலாளி, துணி தேய்த்துக் கொடுக்கத் தெருமுனையில் ஒரு வண்டி. இத்தனை பேரை ஒரு லட்சம் டாலர்க்காரர் நியூ ஜெர்சியில் கனவிலும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த அளவுக்குக் கணக்கு உண்மை. ஐபோன் வாங்கும்போதும், மகளை வெளிநாட்டில் படிக்க அனுப்பும்போதும் அவர் டாலர் விலைக்கு வந்துவிடுகிறார்; அது அவருடைய கவலை. இப்போது அந்தச் சமையல்கார அம்மாவின் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். பொறியாளருக்கு மலிவாகக் கிடைத்த சேவைதான் அவருடைய வருமானம். அவர் வாங்குவது பெரும்பாலும் அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு. நாம் உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2024-இல் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி விற்றபோது, அமெரிக்காவில் அதன் சராசரி விலை சந்தை விகிதப்படி 75 ரூபாயைக்கூடத் தொடவில்லை. பெட்ரோலில் நம் ரூபாய்க்கு வாங்கும் சக்தி கூடவில்லை, குறைந்திருக்கிறது. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி கிராமப்புறக் குடும்பங்கள் மாதச் செலவில் 47 சதவீதத்தை உணவுக்கே கொடுக்கின்றன. செலவில் சேவைகளின் பங்கு கூடக்கூட மலிவின் பயன் கூடும். உணவின் பங்கு கூடக்கூடக் குறையும். வேலைக்கு ஆள் வைப்பவருக்கு ஒரு வாங்கும் சக்தி, வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வாங்கும் சக்தி என்று ஒரே தெருவில் இரண்டு விகிதங்கள் நடமாடுகின்றன.

அந்த அம்மாவும் ஷேர் ஆட்டோவில்தானே போகிறார், பத்து ரூபாய் டீதானே குடிக்கிறார், அவருக்கும் சேவை மலிவுதானே என்று கேட்கலாம். ஆம், மலிவுதான். அந்த ஆட்டோக்காரரும் டீக்கடைக்காரரும் அவரைப் போலவே குறைவாகச் சம்பாதிப்பதால் மலிவு. ஏழைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் இந்தச் சலுகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே ஒரு கூலியை அளந்து பார்க்கலாம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு நிர்ணயித்த ஊதியம் 319 ரூபாய். சந்தை விகிதத்தில் இது நான்கு டாலருக்கும் குறைவு. வாங்கும் சக்தி விகிதத்தில் ஏறத்தாழ பதினைந்தரை டாலர். அமெரிக்காவில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர் என்றே கிடக்கிறது. அந்நாட்டிலேயே எவரும் அதைக் கௌரவமான கூலி என்று சொல்வதில்லை. எட்டு மணி நேரத்துக்கு அது 58 டாலர். ஆக, எல்லாச் சலுகையும் கொடுத்து, விலை வேறுபாட்டை முழுவதும் கழித்த பிறகும், அங்கே கடைநிலைக் கூலி என்று ஏளனம் செய்யப்படுவதில் கால் பங்கைச் சற்றுத் தாண்டுகிறது இங்குள்ள கூலி. தலைக்கு இவ்வளவு என்று நாட்டு வருமானத்தை வகுத்தாலும் இதே கதைதான். வாங்கும் சக்திப்படி ஓர் இந்தியருக்குச் சுமார் 11,000 டாலர், ஒரு சீனருக்குச் சுமார் 27,000, ஓர் அமெரிக்கருக்குச் சுமார் 85,000. மொத்தத்தில் மூன்றாம் இடத்தில் இருக்கும் நாடு, தலைக்கணக்கில் நூறு நாடுகளுக்கும் பின்னால் நிற்கிறது.

ஆராய்ச்சியாளர்களிடமிருந்து ஒரு கடினமான எதிர்வாதம் உண்டு. 2015-இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டனும் ஒலிவியே துப்ரியேவும், சராசரிக் கூடையை விட்டுவிட்டு ஏழைகளின் கூடைக்கு ஏற்ற எடைகளை வைத்து வாங்கும் சக்தி விகிதங்களைப் புதிதாகக் கணக்கிட்டார்கள். ஏழைக்கென்று தனி விகிதம் போட்டால் எல்லாம் தலைகீழாகும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வழக்கமான நுகர்வு விகிதங்களிலிருந்து அவை பெரிதாக விலகவில்லை. அப்படியானால் ஏழைக்கு ஒரு விகிதம், வசதியுள்ளவருக்கு ஒரு விகிதம் என்று இங்கே சொன்னது பொய்யா? இல்லை. அவர்கள் ஒப்பிட்டது ஏழை நாடுகளை ஒன்றோடொன்று. இந்தியாவிலும் கென்யாவிலும் வங்கதேசத்திலும் சேவைகள் ஒரே மாதிரி மலிவு, உணவு ஒரே மாதிரிப் பாரம். எடையை மாற்றினாலும் எல்லோரும் சேர்ந்தே நகர்கிறார்கள். அமெரிக்காவோடு வைத்து ஒப்பிடும்போதுதான் சேவை மலிவு பூதாகரமாகிறது. ஏழை நாடுகளுக்கு இடையே ஒப்பிட இந்தக் கருவி நன்றாக உழைக்கிறது என்பதற்கு டீட்டனின் வேலையே சான்று. உலகத் தரவரிசைப் பட்டியலுக்கு அதே உறுதியை நீட்டித்துக்கொள்ள அந்தச் சான்று போதாது.

இந்தக் கணக்கின் தள்ளாட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1985-க்குப் பிறகு நெடுங்காலம் இந்தியா விலை ஒப்பீட்டில் கலந்துகொள்ளாமல் இருந்தது. பழைய எண்ணை நீட்டி நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். 2005-க்கான சுற்றில் சீனா முதன்முறையாகவும் இந்தியா நெடுநாள் கழித்தும் சேர்ந்தன. முடிவு 2007 டிசம்பரில் வெளிவந்தபோது இரு நாடுகளின் பொருளாதார அளவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. ஓர் ஆலைகூட மூடப்படவில்லை. அடுத்த சுற்று வந்ததும் மறுபடி வீங்கியது, இந்தியா ஜப்பானைத் தாண்டியது. வறுமைக் கோடும் இந்த விகிதத்தோடு கட்டப்பட்டிருப்பதால் அந்த எண் மாறும்போதெல்லாம் கோடிக்கணக்கான மக்கள் ஏழைகளாவதும் ஏழ்மையிலிருந்து மீள்வதும் காகிதத்தில் நடக்கின்றன. நாளுக்கு ஒரு டாலர் என்று 1990-இல் தொடங்கிய உலக வங்கியின் கோடு 1.25, 1.90, 2.15 என்று ஏறி 2025 ஜூனில் 3 டாலராகியது. அந்தக் கோட்டின்படி 2022-23-இல் இந்தியாவில் கடும் வறுமையில் இருந்தோர் 5.3 சதவீதம். 2011-12-இல் 27.1 சதவீதம். வறுமை குறைந்திருப்பது உண்மை, அதை மறுப்பவர்கள் தங்கள் அரசியலுக்காக மறுக்கிறார்கள். ஆனால் அந்த மூன்று டாலர், பணமாற்றுக் கடையில் கிடைக்கும் 250 ரூபாய் இல்லை என்பது செய்தி படிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2021 விலையில் அது 60 ரூபாய்க்குச் சற்று மேல். ஒருவருடைய சாப்பாடு, துணிமணி, மருந்து, பேருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு அவ்வளவு. கோட்டைத் தாண்டியவர் எங்கே நிற்கிறார் என்பதை ரூபாயில் எழுதினால்தான் விளங்கும்.

இவ்வளவும் சொன்னதால் சந்தை மாற்று விகிதமே மெய், மற்றது மாயை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இலங்கையின் 2022 அந்த எண்ணத்தையும் உடைக்கும், எதிர் எண்ணத்தையும் உடைக்கும். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாயை ஒட்டியிருந்த இலங்கை நாணயம் மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. சந்தை விகிதத்தை நம்பினால் பத்தே வாரங்களில் இலங்கையின் பொருளாதாரம் ஏறத்தாழ பாதியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களும் நெல்வயல்களும் அங்கேயே இருந்தன. அந்த ஆண்டு உற்பத்தி ஏழு சதவீதத்துக்கு மேல் சுருங்கியது, பெரிய அடிதான், பாதி இல்லை. வாங்கும் சக்திக் கணக்குத்தான் அங்கே உண்மைக்கு அருகில் இருந்தது. அதே சமயம் இன்னொன்றையும் பாருங்கள். வாங்கும் சக்திப்படி இலங்கையரின் தலா வருமானம் இந்தியரைவிடக் கணிசமாக அதிகம். அது யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எரிபொருள் நிலைய வாசலில் இரவு பகலாக வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லிட்டர் மண்ணெண்ணெயைக்கூட வாங்கித் தரவில்லை. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி ஐந்து கோடி டாலருக்கும் குறைவு என்று மே மாதத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார். கப்பலில் வரும் பொருளுக்கு உள்நாட்டு வாங்கும் சக்தி செல்லாது. தாள் இறக்குமதிக்குப் பணமில்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள்.

இரண்டு விகிதங்களையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பவர்கள் உண்மையில் பொருளியலர்கள் இல்லை, வெளிநாடு போய் உழைப்பவர்கள்தான். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் தமிழர் சிங்கப்பூர் விலையில் சம்பாதிக்கிறார், அங்கே செலவழிப்பதை விடுதிக் கட்டிலோடும் கட்டுச் சோற்றோடும் சுருக்கிக்கொள்கிறார், மிச்சத்தைப் புதுக்கோட்டை விலையில் வீடாகக் கட்டுகிறார். இரண்டு விலைவாசிகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தாக்கே அவருடைய சேமிப்பு. அதற்கு அவர் கொடுக்கும் விலை குடும்பத்தைப் பிரிந்திருப்பது. 2024-இல் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. 2023-24-க்கான ரிசர்வ் வங்கி ஆய்வின்படி இவ்வாறு வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம். உள்நாட்டில் 20 ரூபாய்க்கு டாலர் மதிப்பு கிடைக்கிறது என்பது வாழ்க்கையில் உணரக்கூடிய செல்வமாக இருந்திருந்தால், இத்தனை பேர் விமானம் ஏறியிருக்க மாட்டார்கள். பன்னாட்டு நிதியமே தன் உறுப்பு நாடுகளின் பங்கைக் கணக்கிடும் வாய்பாட்டில் இரண்டில் ஒன்றை மட்டும் நம்பவில்லை. சந்தை மதிப்புக்கு 60, வாங்கும் சக்திக்கு 40 என்று கலந்து வைத்திருக்கிறது. ஓர் அரசியல் சமரசம் என்றாலும், எந்த ஓர் எண்ணிலும் முழு உண்மை இல்லை என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

எல்லா மலிவும் ஒருவர் வயிற்றிலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதாகச் சொல்வதும் தவறாகிவிடும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். 2013-இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். 2021-லிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. இவையும் விலையைக் குறைக்கின்றன, வாங்கும் சக்தியைக் கூட்டுகின்றன; ஆனால் இந்த மலிவுக்கான செலவை வரிப்பணம் ஏற்கிறது. உழைப்பவரின் கூலியைக் குறைத்துக் கிடைக்கும் மலிவு, நாடு முன்னேறும்போது மறைய வேண்டியது. பொதுப்பணத்தில் கிடைக்கும் மலிவு, நாடு முன்னேறும்போது தரம் உயர்ந்து நீடிக்க வேண்டியது. நாட்டு விகிதம் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. இலவசங்களால் நாடு கெட்டது என்று பேசிக்கொண்டே மூன்றாம் இடத்தைக் கொண்டாடுபவர்கள், தாங்கள் கொண்டாடும் எண்ணுக்குள் அந்த இலவசங்களும் கொஞ்சம் இருக்கின்றன என்பதைக் கவனிப்பது நல்லது.

புள்ளியியல் அமைச்சகத்திடம் கேட்கப் பெரிய கோரிக்கை எதுவும் இல்லை. விலைகளை ஏற்கெனவே நாடு முழுவதும் திரட்டுகிறார்கள். அந்தத் தரவைக் கொண்டு மாநிலத்துக்கு மாநிலம் விலைவாசி எப்படி வேறுபடுகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடட்டும். அமெரிக்க வணிகத் துறை தன் மாநிலங்களுக்கு அதைச் செய்துவருகிறது. வருமானத்தில் கீழ்த்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்று பிரித்து ஒவ்வொருவர் கூடைக்கும் தனி விகிதம் போட்டுக் காட்டட்டும். உலகத் தரவரிசையில் நம் இடத்தை அறிவிக்கும் ஒவ்வொரு செய்திக்குறிப்பிலும் தலா வருமானத்தையும், சந்தை விகிதத்துக்கும் வாங்கும் சக்தி விகிதத்துக்கும் உள்ள மடங்கையும் அடுத்த வரியிலேயே சேர்க்கட்டும். பத்திரிகைகள் அமைச்சகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று எண்களையும் சேர்த்து அச்சிட இன்றைக்கே எந்தத் தடையும் கிடையாது. இந்தியாவின் மடங்கு நான்கிலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் இறங்கும் ஆண்டில் முடி திருத்தவும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவும் இப்போதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கும் சக்திப் பட்டியலில் நம் மொத்த எண்ணின் வேகமும் அப்போது மட்டுப்படும். அந்தத் தலைப்புச் செய்தி வரும் நாளைத்தான் ஆட்சியாளர்கள் இலக்காக வைக்க வேண்டும்.